சிக்னல் அறுவதற்கு முன்பே: கேமராவைக் கொண்டு கம்பியில்லா இணைப்பைக் காக்க செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மில்லிமீட்டர் அலைகளில் ஓடும் கம்பியில்லா இணைப்பின் பலம் வேகம்; நொடிக்குக் கிகாபிட் கணக்கில் தரவை அள்ளிச் செல்லும். அதன் பலவீனம், குறுக்கே ஒருவர் நடந்தாலே சரிந்துவிடுவது. 60 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய அலையால் மனித உடலைச் சுற்றி வளைந்து போக முடியாது. ஓர் ஆள் குறுக்கே வந்தால் 20 முதல் 30 டெசிபெல் வரை சிக்னல் விழும். வந்து சேரும் திறன் நூற்றில் ஒரு பங்காகவோ ஆயிரத்தில் ஒரு பங்காகவோ சுருங்கிவிடும் என்பது இதன் பொருள்.

இந்த அலைகளோடு நம் நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களில் கல்கத்தாவில் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கிச் சோதனைகள் நடத்தினார். 2022-இல் இந்தியாவில் நடந்த 5ஜி அலைக்கற்றை ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் விற்பனையானது. மில்லிமீட்டர் அலை இனி ஆய்வகத்துக்குள் மட்டும் இருக்கப்போவதில்லை.

ஓர் ஆள் இணைப்பின் குறுக்கே வரப்போகிறார் என்ற தகவல் ரேடியோ சிக்னலில் முன்கூட்டியே பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் வந்து மறைத்த பிறகுதான் சிக்னல் விழுகிறது. அதன் பிறகு மாற்று வழி தேடினால் இணைப்பு ஏற்கெனவே அறுந்திருக்கும். கேமராவுக்கோ அவர் நடந்து வருவது முன்பே தெரிகிறது. ரயில்வே கேட்டை ரயில் வந்த பிறகு யாரும் மூடுவதில்லை. அந்த முன்யோசனையைத்தான் கேமரா நெட்வொர்க்குக்குத் தருகிறது.

இது செயலில் காட்டப்பட்ட விஷயம். ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தகாயுகி நிஷியோவும் சக ஆய்வாளர்களும், ஆழத்தை அளக்கும் கேமராவைக் கொண்டு மனித மறைப்பைக் கணித்து முன்கூட்டியே வேறு ரேடியோ நிலையத்துக்கு மாறும் முறையை 2015-இலேயே முன்வைத்தார்கள். 2019-இல் வெளியான அவர்களது ஆய்வில், 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கருவிகளோடு ஆழக் கேமராவைச் சேர்த்து, 500 மில்லிநொடி வரை முன்னதாகவே சிக்னல் வலிமையைக் கணித்துக் காட்டினார்கள். கணிப்புக்கு ஆன நேரம் 3 மில்லிநொடிக்கும் குறைவு. வர்க்கச் சராசரி மூலப் பிழை 3.5 டெசிபெல். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அகமது அல்கதீப் குழுவினர், தெருவில் ஓடும் வண்டிகளைப் படமெடுத்தபடியே 60 கிகாஹெர்ட்ஸ் சிக்னலையும் அளந்து, டீப்சென்ஸ் 6ஜி என்ற தரவுத்தொகுப்பை எல்லோருக்கும் திறந்துவைத்தார்கள்.

கல்லூரி ஆய்வகத்திலோ தொழிற்சாலைத் தளத்திலோ அரங்கிலோ இதை முயல விரும்புவோருக்கான பட்டியல் இது. இதில் உள்ள எல்லாம் இரண்டு விதிகளுக்குள் அடங்கும்: கேமரா முன்னறிவிக்கட்டும், ரேடியோ சரிபார்க்கட்டும்; அசைவை மட்டும் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. கேமரா தேவையா என்று முதலில் கேளுங்கள்.
ஆள் உயரத்தில் சுவரில் மாட்டிய வைஃபை பெட்டியைக் கூரைக்கு ஏற்றினாலே பல மறைப்புகள் தீர்ந்துவிடும். எதிர் மூலையில் இரண்டாவது பெட்டி ஒன்று வைத்தால் ஒன்று மறைந்தாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். மின்னஞ்சலும் உலாவலும் மட்டும் நடக்கும் அலுவலகத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போதும். நொடிப்பொழுது அறுந்தாலும் நட்டம் நேரும் வேலை, அதிக வேகம் கட்டாயம் வேண்டிய வேலை, ஆட்களோ வண்டிகளோ ஓயாமல் நடமாடும் இடம் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் கேமரா தன் செலவை நியாயப்படுத்தும்.

2. தாமதக் கணக்கை முதல் நாளே போடுங்கள்.
நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையே 33 மில்லிநொடி ஓடிவிடும். அதன்பின் படம் கணினிக்கு வந்து சேர வேண்டும், பயிற்சி பெற்ற கணினி மாதிரி கணிக்க வேண்டும், கட்டளை ரேடியோவுக்குப் போக வேண்டும், ரேடியோ வேறு பீமுக்கோ (ஒரு திசையில் குவித்து வீசும் அலை) வேறு நிலையத்துக்கோ மாற வேண்டும். கேமராவிலிருந்து கட்டளை வரை 150 மில்லிநொடி, மாறுவதற்கு 100 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால் 250 மில்லிநொடிக்கு முன்பே எச்சரிக்கை வந்தாக வேண்டும். நொடிக்கு 1.4 மீட்டர் நடக்கும் மனிதர் அந்த நேரத்தில் 35 சென்டிமீட்டர் நகர்வார். மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் வண்டி இரண்டரை மீட்டர் நகர்ந்துவிடும். எவ்வளவு தொலைவில் வரும்போதே தடையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். கணக்கு ஒத்துவராவிட்டால் எந்த மாதிரியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

3. கடிகாரங்களை ஒன்றாக ஓடவையுங்கள்.
ஃப்ரேமின் நேர முத்திரையும் சிக்னல் அளவீட்டின் நேர முத்திரையும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். 100 மில்லிநொடி பிசகினால், மறைப்பதற்கு முந்தைய படத்துக்கு மறைத்த பிறகான சிக்னலை ஒட்டிப் பயிற்சி கொடுத்துவிடுவீர்கள். பிறகு மாதிரி எதைக் கணிக்கிறது என்பதே விளங்காது. சாதாரண என்டிபி நேர ஒத்திசைவு தொடங்குவதற்குப் போதும். பிடிபி எனப்படும் ஐஇஇஇ 1588 முறை கிடைத்தால் மைக்ரோநொடி அளவுக்குத் துல்லியம் கிட்டும். முத்திரையைப் படம் கணினிக்கு வந்து சேரும் கணத்தில் குத்தாதீர்கள்; படம் எடுக்கப்பட்ட கணத்துக்கு எவ்வளவு அருகில் குத்த முடியுமோ அவ்வளவு நல்லது.

4. கேமராவை ஆன்டெனாவுக்கு அருகிலேயே பொருத்துங்கள்.
இரண்டும் ஒரே இடத்திலிருந்து பார்த்தால், படத்தில் பயனரின் கருவிக்கு முன்னால் ஒருவர் வரும்போது ரேடியோவுக்கும் அவர் முன்னால் வருகிறார். கேமராவை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், 3 மீட்டர் தொலைவில் நிற்பவரை இரண்டும் பார்க்கும் திசைகளுக்கு இடையே சுமார் 18 பாகை வேறுபாடு வரும். 20 மீட்டரில் அது 3 பாகைக்கும் குறைவு. அருகில் உள்ள பொருளில்தான் பிழை பெரிதாகிறது. இணைப்பை முழுதாக மறைப்பதும் பெரும்பாலும் அருகில் உள்ள பொருள்தான். தள்ளி வைத்தே ஆக வேண்டிய நிலையில் ஆழக் கேமராவையோ இரண்டு கேமராக்களையோ பயன்படுத்தி இடத்தை முப்பரிமாணத்தில் கணக்கிடுங்கள். கேமராவின் பார்வைப் பரப்பு ஆன்டெனாவின் பரப்பைவிடச் சற்று அகலமாகவும் இருக்க வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே வரும் ஆளை முன்பே கண்டால்தானே எச்சரிக்க நேரம் இருக்கும்?

5. பிக்சலைக் கோணமாக மாற்றும் கணக்கில் கவனமாக இருங்கள்.
90 பாகைப் பார்வையும் 640 பிக்சல் அகலமும் கொண்ட கேமராவில் நடுவிலுள்ள ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.18 பாகை, ஓரத்திலுள்ள பிக்சல் அதில் பாதிதான். 90-ஐ 640-ஆல் வகுத்து எல்லாப் பிக்சலுக்கும் ஒரே அளவைக் கொடுத்தால், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பீமின் திசை சில பாகைகள் பிசகும். லென்ஸின் வளைவுக் குறையையும் சேர்த்து, சதுரங்கக் கட்டம் அச்சிட்ட அட்டையைக் காட்டிக் காலிபரேஷன் செய்யுங்கள். ஏணி தட்டியோ காற்றில் ஆடியோ கேமரா நகர்ந்திருக்கலாம். அவ்வப்போது மறுபடி சரிபாருங்கள்.

6. கோட்டை மட்டுமல்ல, கோட்டைச் சுற்றிய இடத்தையும் கவனியுங்கள்.
அனுப்பும் ஆன்டெனாவுக்கும் பெறும் ஆன்டெனாவுக்கும் இடையே ரேடியோ அலை நூல் பிடித்தாற்போலப் போவதில்லை. ஃப்ரெனெல் மண்டலம் என்ற நீள்வட்ட வெளி முழுவதும் அதற்கு வேண்டும். 60 கிகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் இணைப்புக்கு, நடுவில் அந்த வெளியின் ஆரம் சுமார் 11 சென்டிமீட்டர். 26 கிகாஹெர்ட்ஸில் சுமார் 17 சென்டிமீட்டர். தோள் கோட்டைத் தொடுவதற்கு முன்பே சிக்னல் ஆடத் தொடங்குவதற்கு இதுவே காரணம். எச்சரிக்கை எல்லையை அந்த ஆரத்துக்கும் சற்று வெளியே வரையுங்கள்.

7. கேமரா பட்டியலைச் சுருக்கட்டும். தேர்வை ரேடியோ செய்யட்டும்.
5ஜி தரநிலையில் மில்லிமீட்டர் அலைப் பட்டையில் ஒரு செல் 64 பீம்கள் வரை வரிசையாக வீசித் தன் இருப்பை அறிவிக்கலாம். டீப்சென்ஸ் பதிவுகளிலும் 16 ஆன்டெனா உறுப்புகளைக் கொண்டு 64 பீம்கள் வீசப்பட்டன. பயனர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதைக் கேமரா சொன்னால் 64-ஐயும் சோதிக்க வேண்டாம், நான்கைந்து போதும். அந்த நான்கைந்தையும் அளந்து, எது வலிமையாக இருக்கிறதோ அதை ரேடியோவே எடுத்துக்கொள்ளட்டும். கேமராவின் முதல் யூகம் தவறினாலும் சரியான விடை பெரும்பாலும் பட்டியலுக்குள் இருக்கும்; நேரமும் மிச்சமாகும், பிழையும் பிடிபடும். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

8. படத்தில் உள்ளவர்களில் உங்கள் பயனர் யார் என்று உறுதிசெய்யுங்கள்.
படத்தில் பத்து வண்டிகள் தெரியலாம். நெட்வொர்க்கோடு பேசுவது ஒன்றுதான். அது எது என்பதைப் படம் தனியாகச் சொல்லாது. ரேடியோ இப்போது எந்த பீமில் பேசுகிறது, அந்தத் திசையில் எந்த வண்டி இருக்கிறது, இரண்டும் ஒரே போக்கில் நகர்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பொருத்துங்கள். வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும்போது பொருத்தம் தடம் மாறக்கூடும். அந்த இடங்களில் மறுபடி அளந்து உறுதிசெய்யும் படி ஒன்று இருக்கட்டும்.

9. எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்பதை முன்பே தீர்மானியுங்கள்.
அரை மீட்டர் அகலமுள்ள ஆள் நடந்து கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக ஆகும். நொடிக்கு ஒரு கிகாபிட் ஓடும் இணைப்பில் அந்த நேரத்தில் ஏறத்தாழ 45 மெகாபைட் தரவு போக வேண்டியிருக்கும். அதைக் காக்கப் பல வழிகள் உண்டு: சுவரில் பட்டுத் திரும்பும் பாதையிலுள்ள பீமுக்கு மாறலாம், வேறு நிலையத்துக்குப் போகலாம், சற்று நேரம் 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழான பட்டைக்கு இறங்கலாம், ஓடிக்கொண்டிருப்பது பதிவுசெய்த வீடியோ என்றால் அடுத்த சில நொடிகளை முன்கூட்டியே அனுப்பி வைக்கலாம். ஒருவர் சட்டென்று கடந்துபோவதற்கும், ஃபோர்க்லிஃப்ட் வந்து நின்றுவிடுவதற்கும் ஒரே பதில் பொருந்தாது. முதலாவதுக்குத் தரவை முன்கூட்டி அனுப்புவதே போதும். இரண்டாவதுக்கு நிலையத்தையே மாற்ற வேண்டும்.

10. இருட்டிலும் மழையிலும் எதிர்வெயிலிலும் பதிவு செய்யுங்கள்.
நண்பகல் வெளிச்சத்தில் மட்டும் பழகிய மாதிரி அந்தியில் தடுமாறும். அரிசோனா குழுவினர் பகலிலும் இரவிலும் பதிவு செய்தார்கள். அகச்சிவப்புக் கதிரை வீசி ஆழத்தை அளக்கும் கேமராக்கள் நேர் வெயிலில் திணறும். உள்ளரங்குக்கு அவை நல்லவை, வெளியில் சோதித்த பிறகே நம்பலாம். லென்ஸில் படியும் தூசியும் சிலந்தி வலையும் அன்றாடப் பிரச்சினைகள். துடைப்பதற்கு ஒரு நாளையும் ஓர் ஆளையும் ஒதுக்கிவிடுங்கள்.

11. எளிய முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
சற்றுமுன் இருந்த சிக்னலே அடுத்த நொடியும் இருக்கும் என்று கணிக்கும் மிக எளிய முறை ஒன்றை அருகில் ஓடவிடுங்கள். ரேடியோ அளவீடுகளை மட்டும் வைத்துக் கணிக்கும் மாதிரி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5ஜி தரநிலையை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, தன் 18-ஆம் வெளியீட்டுக்கான ஆய்வில், பீம் மேலாண்மைக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதை எடுத்துக்கொண்டது. கேமரா இல்லாமலே எட்டக்கூடியது எவ்வளவு என்று தெரிந்தால்தான் கேமரா கூடுதலாகத் தருவது என்ன என்பதை நேர்மையாகச் சொல்ல முடியும்.

12. படத்தின் வேலையைக் கேமராவின் அருகிலேயே முடித்துவிடுங்கள்.
நெட்வொர்க்குக்கு வேண்டியது ஒரு கோணம், ஒரு தொலைவு, ஒரு வேகம், சில நூறு மில்லிநொடிகளில் மறைப்பு வரும் என்ற ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். அந்த எண்களைக் கேமராவோடு ஒட்டிய சிறு கணினியிலேயே கணக்கிட்டு அனுப்புங்கள். படத்தை அப்போதே அழித்துவிடுங்கள். ஜப்பான், ஃபின்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், படத்தின் சாரத்தை ஒரே பிக்சல் அளவுக்குச் சுருக்கி, அதை ரேடியோ அளவீட்டோடு சேர்த்தே சிக்னலைக் கணித்தார்கள். ஒரு பிக்சலிலிருந்து யாருடைய முகத்தையும் மீட்டெடுக்க முடியாது. அனுப்ப வேண்டிய தரவும் குறைகிறது, மனிதரின் அந்தரங்கமும் காக்கப்படுகிறது.

செய்யக்கூடாதவை

1. கேமரா பார்ப்பதையே ரேடியோவும் பார்க்கிறது என்று எண்ணாதீர்கள்.
வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி கேமராவுக்குத் தெளிந்த காற்றுபோலத் தெரியும். ரேடியோவுக்கோ அது சுவர். துணித்திரை கேமராவை முழுக்க மறைக்கும். ரேடியோ அதைத் துளைத்துப் போய்விடும். ஆள் முன்னால் நிற்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தாலும், பக்கத்து இரும்புக் கதவில் பட்டுத் திரும்பும் அலையால் இணைப்பு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே "படத்தில் மறைந்தது, எனவே இணைப்பு அறுந்தது" என்று விதி எழுதாதீர்கள். படத்தோடு அந்த நேரத்துச் சிக்னல் அளவீட்டையும் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள். அந்த இடத்தின் கண்ணாடியும் திரையும் கதவும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மாதிரி அளவீட்டிலிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும்.

2. வழக்கமான பீம் தேடலை நீக்கிவிடாதீர்கள்.
கேமரா வந்துவிட்டது என்பதற்காக ரேடியோவின் சொந்தத் தற்காப்பைக் கழற்றி எறிவது ஆபத்து. 5ஜியில் செல் தன் பீம்களை 5 மில்லிநொடிச் சாளரத்துக்குள் வீசி முடித்து, வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்யும். பீம் அறுந்தால் மீட்கும் முறையும் தரநிலையிலேயே உண்டு. மின்சாரம் போகலாம், லென்ஸ் மூடப்படலாம், மென்பொருள் உறைந்துபோகலாம். அப்போதெல்லாம் இணைப்பு வேகம் குறைந்தாவது ஓட வேண்டும். கேமராவின் கம்பியைப் பிடுங்கிவிட்டு நெட்வொர்க் என்ன செய்கிறது என்று பார்ப்பதைச் சோதனைப் பட்டியலில் சேருங்கள்.

3. அடுத்தடுத்த ஃப்ரேம்களைக் கலைத்துப்போட்டுச் சோதிக்காதீர்கள்.
ஒரே வீடியோவின் ஃப்ரேம்களைக் குலுக்கி, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மறுபகுதியைச் சோதனைக்கும் வைத்தால், பயிற்சியில் கண்ட படத்துக்கு 33 மில்லிநொடி தள்ளிய படம் சோதனையில் வரும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. மாதிரி கற்றதா மனப்பாடம் செய்ததா என்று தெரியாமலே போகும். மாணவர் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் ஆசிரியர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. நாள்வாரியாகப் பிரியுங்கள்: திங்கள்கிழமை பதிவில் பயிற்சி, வியாழக்கிழமை பதிவில் சோதனை. எண் குறையும், ஆனால் அது உண்மையான எண்.

4. துல்லிய சதவீதத்தைக் கண்டு மயங்காதீர்கள்.
ஓர் இணைப்பு 100 நொடியில் 2 நொடி மட்டும் மறைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மறைப்பே வராது" என்று எப்போதும் சொல்லும் பயனற்ற மாதிரிகூட 98 சதவீதத் துல்லியம் காட்டும். வந்த மறைப்புகளில் எத்தனையை முன்கூட்டிச் சொன்னது, சொன்னவற்றில் எத்தனை உண்மை, எவ்வளவு முன்னதாகச் சொன்னது, இணைப்பு அறுந்திருந்த மொத்த நேரம் எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். பயனருக்கு நேரடியாகத் தெரிவது அந்தக் கடைசி எண் ஒன்றுதான்.

5. ஓரிடத்தில் பயின்ற மாதிரியை வேறிடத்தில் அப்படியே மாட்டாதீர்கள்.
கேமராவின் உயரமும் சாய்வும் மாறினால் அதே பிக்சல் வேறு திசையைக் குறிக்கும். சுவரும் உலோகமும் மாறினால் பிரதிபலிப்புப் பாதைகளும் மாறும். கணினியில் உருவாக்கிய செயற்கைக் காட்சிகளில் முதற்பயிற்சி கொடுப்பது நல்ல தொடக்கம். அரிசோனா குழுவினர் டீப்சென்ஸுக்கு முன்பே வெளியிட்ட விவி தரவுத்தொகுப்பு அப்படிப்பட்டதுதான். ஆனால் கருவி நிற்கப்போகும் இடத்திலேயே எடுத்த பதிவுகளால் அதைச் செம்மை செய்யாமல் வேலையில் இறக்காதீர்கள். தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தை இடம் மாற்றினாலும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

6. ஒவ்வொரு நிழலுக்கும் ஹேண்டோவர் (நிலைய மாற்றம்) செய்யாதீர்கள்.
மாறுவதற்கும் செலவு உண்டு. யாரோ அருகில் வந்து திரும்பிப் போனதற்கெல்லாம் நிலையத்தை மாற்றினால், இணைப்பு இரண்டு நிலையங்களுக்கு இடையே பந்தாடப்படும். மறைப்பால் வந்திருக்கக்கூடிய இழப்பைவிட மாற்றங்களால் வரும் இழப்பு பெரிதாகும். எச்சரிக்கை இரண்டு மூன்று ஃப்ரேம்கள் தொடர்ந்து வந்தால்தான் செயல்படுவது, மாறிய பின் குறைந்தது இவ்வளவு நேரம் அங்கேயே இருப்பது என்று வரம்பு வையுங்கள். தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரத்துக்கு ஒரு தவறிய எச்சரிக்கை பெரும் கேடு; வீடியோ பார்ப்பவருக்கு வீண் மாற்றங்கள்தான் தொல்லை. வரம்பை வேலைக்கு ஏற்ப அமையுங்கள்.

7. ஏற்கெனவே மாட்டியிருக்கும் சிசிடிவியை அப்படியே இழுத்துக்கொள்ளாதீர்கள்.
செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் பாதுகாப்புக் கேமராவின் வீடியோ சுருக்கப்பட்டு, இடையகத்தில் தங்கி, விரிக்கப்பட்டு வந்து சேர்வதற்குள் சில நூறு மில்லிநொடிகள் போய்விடலாம். முன்னறிவிப்புக்கு இருந்த அவகாசம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். அந்தக் கேமரா இருப்பது திருட்டைத் தடுக்க. அதில் பதிவாகிறவர்களுக்குச் சொல்லப்பட்ட நோக்கமும் அதுதான். புதிய நோக்கத்துக்குப் பயன்படுத்துமுன் அவர்களிடம் மறுபடி சொல்ல வேண்டும்.

8. முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைச் சேர்க்காதீர்கள்.
இணைப்பை மறைப்பது முகம் அல்ல, உடல். நடந்துவருபவர் யார் என்பதால் சிக்னல் ஒரு டெசிபெல்கூட மாறப்போவதில்லை. பெயர் தெரிந்தால் கூடுதலாகக் கிடைப்பது கண்காணிப்பு மட்டுமே. வருகைப்பதிவுக்கும் ஆகும், யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று பார்க்கவும் ஆகும் என்று நிர்வாகம் கேட்கும் நாள் வரலாம். அன்று மறுக்கும் வலு, படமே சேமிக்கப்படாத அமைப்புக்குத்தான் உண்டு. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கத்தோடு நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. சட்டம் இல்லாவிட்டாலும் நியாயம் அதுவே.

9. அந்தரங்கம் வேண்டிய இடங்களில் கேமராவைப் பொருத்தாதீர்கள்.
நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு, விடுதி அறை, உடை மாற்றும் இடம், குழந்தைகள் காப்பகம்: இங்கெல்லாம் வேகமான இணைப்பு எவ்வளவு தேவையாக இருந்தாலும் கேமரா கூடாது. ரேடாரோ கூடுதல் வைஃபை பெட்டியோ அங்கே வேலையை முடிக்கும். கேமரா வைக்கத் தகுந்த இடங்களிலும், எதற்காக இருக்கிறது, என்ன சேமிக்கப்படுகிறது, என்ன சேமிக்கப்படுவதில்லை என்பதைப் பளிச்சென்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். சிக்னலுக்காகத் தாங்கள் பார்க்கப்படுகிறோம் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

10. கடவுச்சொல்லை மாற்றாமல் கேமராவை நெட்வொர்க்கில் விடாதீர்கள்.
2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு அப்படியே விடப்பட்டிருந்த இணையக் கேமராக்களையும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அந்த அக்டோபரில் அவற்றைக் கொண்டு டைன் என்ற நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலான தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. நெட்வொர்க்கைக் காக்க வைத்த கேமராவே அதன் ஓட்டையாகிவிடக் கூடாது. கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், வெளி இணையத்தைத் தொடாத தனிப் பிரிவில் கேமராவை வையுங்கள்.

11. அனுமதி பார்க்காமல் அலையை வீசாதீர்கள்.
ஒரு நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பட்டை இன்னொரு நாட்டில் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கிய சோதனைக் கருவியை இயக்குவதற்கு முன், அந்த அலைவரிசைக்கும் அந்தத் திறனுக்கும் இங்கே அனுமதி உண்டா என்று தொலைத்தொடர்புத் துறையின் விதிகளைப் பாருங்கள். வெளியான தரவுத்தொகுப்புகளை வைத்துக்கொண்டு ஒரு சிக்னல்கூட வீசாமலே நிறையக் கற்கலாம். மாணவர்களுக்கு அதுவே சிறந்த தொடக்கம்.

முடிவாக

இந்தத் தொழில்நுட்பத்தால் நன்மை உண்டு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அரை நொடி முன்னறிவிப்பு மனிதருக்கு ஒன்றுமில்லை. ஆயிரத்தில் ஒரு நொடியாகக் காலத்தை எண்ணும் நெட்வொர்க்குக்கு அது தாராளமான அவகாசம். தொழிற்சாலை வண்டி நிற்காமல் ஓடவும், அரங்கில் நிறையப் பேர் ஒரே நேரத்தில் தடையின்றி இணைந்திருக்கவும் அது உதவும்.

ஆனால் அதற்கு விலையாக மக்களின் அந்தரங்கத்தைக் கேட்டால் அந்த வேகம் நமக்கு வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் காக்க முடியும் என்பதை அந்த ஒரே பிக்சல் ஆய்வு காட்டிவிட்டது. எனவே இதைக் கட்டப்போகும் பொறியாளர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அமைப்பை வரையும் முதல் தாளிலேயே, படம் எங்கே அழிகிறது என்பதையும் கேமரா இல்லாதபோது இணைப்பு எப்படி ஓடும் என்பதையும் எழுதிவிடுங்கள். அந்த இரண்டு வரிகளும் இல்லாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.